பழைய சொகுசு காரில் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் சத்தம்: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் வீல் அலைன்மெண்ட் பட்டறை வைத்திருக்கிறேன். பெங்களூரு இங்கிருந்து 90 கிலோமீட்டர் தூரம்தான். அங்கே ஏழெட்டு வருடம் ஓடிய மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி கார்கள் நம் பக்கம் நிறைய வருகின்றன. மாந்தோப்புக்காரர், கிரானைட் தொழிலில் இருப்பவர், பையன் வெளிநாட்டில் சம்பாதிக்கிற அப்பா என்று எல்லோரும் வாங்குகிறார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, "கீழே என்னமோ சத்தம் வருதுங்க" என்று வந்து நிற்பார்கள். பாதிப் பேர் அதற்குள் ஏதாவது ஒரு பாகத்தை மாற்றிப் பணத்தை விட்டிருப்பார்கள், சத்தம் அப்படியே இருக்கும். அவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது முன்னாடி 'டொக்'குன்னு ஒரு சத்தம். என்னங்க போயிருக்கும்?"

முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க். மெக்கானிக்குகள் லிங்க் ராட் என்பார்கள். வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் கம்பி ஒன்று குறுக்கே போகிறது. அந்தக் கம்பியை ஒவ்வொரு பக்கமும் இணைக்கும் சின்னக் கைதான் லிங்க். அதன் இரண்டு முனையிலும் குட்டிக் குட்டி பால் ஜாயிண்ட் (கிண்ணத்துக்குள் குண்டு சுழலும் மூட்டு) இருக்கும். தேய்ந்துவிட்டால் லொடலொடவென்று ஆடும்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஸ்பீட் பிரேக்கரில் முதல் முறை நேராக, இரண்டு முன் சக்கரமும் ஒன்றாக ஏறும்படி போங்கள். அடுத்த முறை சாய்வாக, ஒரு சக்கரம் முன்னே, ஒரு சக்கரம் பின்னே ஏறும்படி போங்கள். நேராக ஏறும்போது அந்தக் குறுக்குக் கம்பிக்கு வேலையே இல்லை. அதனால் லிங்க் சத்தம் அடங்கிவிடும். சாய்வாக ஏறினால் கூடும். இரண்டு விதத்திலும் ஒரே மாதிரி கேட்டால் ஷாக் அப்சார்பர், அதன் மேல் மவுண்ட், ஆர்ம் (சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் கை), அதன் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் என்று அடுத்த பக்கம் தேட வேண்டும்.

"பட்டறைக்கு வர்றதுக்கு முன்னாடி நானே பார்க்க என்ன இருக்கு?"

டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அதே ரோட்டில் ஒரு சுற்று போய் வாருங்கள். பாலக்கோட்டிலிருந்து வந்த ஒருவர் பின்பக்க ஷாக் இரண்டையும் மாற்றிவிட்டு, அதன் பிறகும் சத்தம் போகாமல் என்னிடம் வந்தார். ஸ்டெப்னிக்கு அடியில் ஜாக்கி கைப்பிடி அதன் கிளிப்பிலிருந்து கழன்று கிடந்தது. நான் செய்தது அதைத் திரும்ப மாட்டியது மட்டும்தான். அவர் கழற்றிப் போட்ட பழைய ஷாக்குகள் நன்றாகவே இருந்திருக்கும் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம் சக்கரத்தின் போல்ட் இறுக்கம். இந்த ஜெர்மன் கார்களில் நட்டு கிடையாது, போல்ட்தான் நேராகச் சக்கரம் உட்காரும் ஹப்பில் இறங்கும். பஞ்சர் போட்ட பிறகு சத்தம் ஆரம்பித்திருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். அடுத்தது என்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களின் உயரத்துக்கு அது ஒரு மூலையிலாவது கிழிந்து தொங்கும். வேகமாகப் போனால் படபடவென்று அடித்துக்கொள்ளும், மேட்டில் இடித்தால் தட்டும். பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டையும் பாருங்கள். ஜல்லி ரோட்டில் போகும்போது ஒரு சின்னக் கல் இடையில் புகுந்துவிட்டால், காரே உடைந்துபோகிற மாதிரி 'கிர்ர்ரீச்' என்று கத்தும். காரை நாலடி பின்னால் எடுத்தாலே சில சமயம் கல் விழுந்துவிடும்.

"சத்தம் வர்ற மாதிரி ஓட்டிக் காட்டணும்னா எந்த ரோட்டுல போறது?"

ஒரே ரோட்டில் எல்லாம் தெரியாது. தொடர்ந்து வரும் 'ஊங்' சத்தத்துக்கு நெடுஞ்சாலை வேண்டும். கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நடுவே 80-இல் சீராகப் போனால் போதும். லொடலொடப்புக்கு மேம்பாலத்துக்குக் கீழே போகும் சர்வீஸ் ரோடு, 20 கிலோமீட்டர் வேகம், கண்ணாடி எல்லாம் இறக்கி, ஏசி ஆஃப். டோல்கேட் முன்னால் இருக்கும் வரிவரியான மேடுகள் லிங்க் ராடுக்கும் ஷாக் மவுண்டுக்கும் நல்ல சோதனை. வளைவில் வரும் சத்தத்துக்குப் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதை. இடது, வலது என்று மாறி மாறித் திருப்பங்கள் வருவதால் எந்தப் பக்கம் எடை விழும்போது சத்தம் வருகிறது என்று அங்கே பிடித்துவிடலாம்.

காம்பவுண்டுச் சுவர் ஒட்டிய தெருவில் மெதுவாகப் போனால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். எந்தப் பக்கத்துச் சக்கரம் என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

"மெக்கானிக்கிட்ட எப்படிச் சொல்றது? 'சத்தம் வருது'ன்னா அவருக்குப் புரிய மாட்டேங்குது."

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டாம், எப்போது வருகிறது என்று சொல்லுங்கள். காது இடத்தை ஏமாற்றும், நேரத்தை ஏமாற்றாது. காலையில் முதல் முறை எடுக்கும்போதா, அரை மணி நேரம் ஓடிய பிறகா? பிரேக்கை மிதிக்கும்போதா, விடும்போதா? ஸ்டியரிங் நேராக இருக்கும்போதா, ஒடிக்கும்போதா? வேகம் கூடினால் சத்தமும் வேகமாகிறதா, இல்லை மேடு பள்ளத்தில் மட்டும்தானா? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அப்படி எழுதிக்கொண்டு வந்தவர்களின் கார்களைப் பெரும்பாலும் அன்றைக்கே பார்த்து முடித்திருக்கிறேன்.

"இடது பக்கம் சத்தம் கேட்குது, ஆனா மெக்கானிக் வலது பக்கம்னு சொல்றாரு. யாரை நம்பறது?"

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். முன்பக்க ஆர்ம்கள் எல்லாம் சப்ஃபிரேம் என்ற ஒரே சட்டத்தில் பூட்டியிருக்கின்றன. வலது பக்கம் தட்டினால் அந்தச் சட்டம் வழியாக இடது பக்கக் கால் வைக்கும் இடத்தில் அதிர்வு கேட்கும். பின் ஷாக்கின் மேல் மவுண்ட் சத்தம் முன் சீட்டுக்குப் பின்னால் கேட்பதும் சகஜம்.

இதற்கு ஒரு வழி, சந்தேகப்படும் பாகங்களில் கிளிப் மாதிரி மாட்டும் சின்ன மைக்குகளைப் பொருத்தி, ஹெட்போனில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே ஓட்டுவது. அந்தக் கருவி இல்லாத பட்டறையில் ஒருவர் ஸ்டியரிங்கை ஆட்ட, இன்னொருவர் குழிக்குள் நின்று ஒவ்வொரு ஜாயிண்டிலும் விரல் வைத்துப் பார்ப்பார். தேய்ந்த ஜாயிண்ட் விரலில் 'டிக்' என்று தட்டும். காது ஏமாந்தாலும் விரல் ஏமாறாது.

"நிறுத்தி வச்சு ஸ்டியரிங்கை ஒடிச்சா 'கொர்ர்'னு முனகுது. பவர் ஸ்டியரிங் போச்சா?"

உங்கள் காரில் ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும்) ஸ்டியரிங்கா, எலக்ட்ரிக்கா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பி.எம்.டபிள்யூ 3 சீரிஸில் பழைய ஈ 90 மாடல் பெரும்பாலும் ஹைட்ராலிக். அதற்குப் பிறகு வந்த எஃப் 30 எலக்ட்ரிக். ஹைட்ராலிக்கில் ஆயில் குறைந்து காற்று புகுந்தால் பம்ப் முனகும், ஆயிலில் நுரை தெரியும். ஆயில் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், ஊற்றி மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்த ஆயில் என்பது டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். சில கார்களுக்கு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சிலவற்றுக்குத் தனி ஹைட்ராலிக் ஆயில். "எல்லாம் ஒண்ணுதான்" என்று யாராவது கலந்து ஊற்ற வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், உள்ளே இருக்கும் சீல்கள் கெட்டுவிடும்.

முனகல் இல்லாமல், ஒடிக்கும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் சுண்டுகிற மாதிரி கேட்டால் அது ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்கும் தூண்) மேலே இருக்கும் பேரிங். ஸ்டியரிங்கோடு சேர்ந்து ஸ்பிரிங்கும் நழுவித் திரும்ப வேண்டும். பேரிங் பிடித்துக்கொண்டால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் துள்ளும். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் தலையில் கை வைத்துக்கொண்டு வேறொருவரை ஒடிக்கச் சொன்னால் அந்தத் துள்ளல் கையில் தெரியும். அதோடு ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்த முனை டயரைக் கிழித்த காரைப் பார்த்திருக்கிறேன்.

வழவழப்பான டைல்ஸ் தரையில் அகலமான டயர் கத்துவது மட்டும்தான் பிரச்சினை என்றால் விட்டுவிடுங்கள், அது குறையே இல்லை.

"ஸ்டியரிங்கை லேசா இடது வலது ஆட்டினா 'டக் டக்'னு கையில தட்டுது."

என்ஜின் ஓடும்போது, காரை நகர்த்தாமல், ஸ்டியரிங்கை ஓர் அங்குலம் மட்டும் வேகமாக இடதும் வலதும் ஆட்டுங்கள். தட்டு கையில் மட்டும் தெரிந்து கீழே ஒன்றும் ஆடவில்லை என்றால், ஸ்டியரிங் கம்பிக்கும், அதன் சுழற்சியை இடது வலது தள்ளலாக மாற்றும் ராக்குக்கும் நடுவில் இருக்கும் யூனிவர்சல் ஜாயிண்ட் அல்லது கப்ளிங். கீழே தட்டுகிறது என்றால் டை ராட் (ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) வெளிமுனையில் இருக்கும் டை ராட் எண்ட், உள்முனையில் இருக்கும் ராக் எண்ட், கடைசியாக ராக்கின் உள் புஷ்.

சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் டை ராட் பக்கத்து ஆட்டம் தெரியும். 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட் ஆட்டம் தெரியும். இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டால் பழைய கார் வைத்திருக்கும் காலம் முழுக்க உதவும். ஜாக்கி வெறும் தூக்குவதற்குத்தான். காருக்கு அடியில் தலையை நீட்டுவதென்றால் கீழே ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும்.

"ஹைவேல 80 தாண்டினா 'ஊங்'னு சத்தம். டயர்னு ஒருத்தர் சொல்றாரு, பேரிங்னு இன்னொருத்தர் சொல்றாரு."

ரோடு காலியாக இருக்கும்போது அந்த வேகத்தில் மெல்ல இடது பக்கம் வளையுங்கள். கார் எடை வலது சக்கரத்தின் மேல் விழும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங், குறைந்தால் இடது பேரிங் மேல் சந்தேகம். எந்தப் பக்கம் வளைந்தாலும் மாறவில்லை, ஆனால் ரோட்டின் தார் மாறினால் சத்தமும் மாறுகிறது என்றால் டயர். டயரின் மேல்பரப்பில் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பம் மாதிரி தட்டினால் அலைன்மெண்ட் தவறிய தேய்மானம். மேடு பள்ளமாகக் குழித்திருந்தால் ஷாக் வேலை செய்யவில்லை, புது டயர் போட்டாலும் அதே கதிதான்.

டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் பல பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் கார்களில் முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அளவு. அளவைப் படித்துவிட்டு மாற்றுங்கள்.

"100-ல போய் பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் நடுங்குது, கூடவே ஒரு தட்டு. டிஸ்க் மாத்தியும் போகலை."

பி.எம்.டபிள்யூ என்றால் முன்பக்க டென்ஷன் ஸ்ட்ரட் புஷ்ஷைப் பாருங்கள். கீழே இரண்டு கைகள் இருக்கும். அதில் முன்னும் பின்னும் வரும் இழுப்பைத் தாங்குகிற கை இது. பல மாடல்களில் அந்த புஷ்ஷுக்குள் ரப்பர் மட்டும் இல்லை, எண்ணெயும் அடைத்திருப்பார்கள். ரப்பர் கிழிந்து எண்ணெய் வெளியேறிவிட்டால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் நழுவி, விட்டதும் முன்னால் வந்து தட்டும். புஷ்ஷைச் சுற்றிக் கறுப்பாக ஈரம் பிசுபிசுத்தால் அதுதான். டிஸ்க் மேல் பழி போட்டு இரண்டு முறை டிஸ்க் கடைந்தவர்களும் இருக்கிறார்கள்.

பிரேக் சம்பந்தமாக இன்னொன்று. மேடு பள்ளத்தில் லொடலொட என்று வரும் சத்தம், பிரேக்கை லேசாகத் தொட்டாலே நின்றுவிடுகிறதா? அப்படியானால் பேட் தளர்ந்திருக்கிறது, அல்லது பேடைப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப்பை யாரோ போடாமல் விட்டிருக்கிறார்கள். சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம்.

"முழுக்க ஒடிச்சு கிளம்பினா 'கட கட கட'ன்னு வருது. ஆக்சிலா?"

முன் சக்கரம் இழுக்கிற கார் என்றால் ஆம், ஆக்சில் முனையில் சக்கரத்தோடு சேரும் சி.வி. ஜாயிண்ட். ஆடி ஏ 4 இந்த வகை. பின் சக்கரத்தால் ஓடும் சி கிளாஸ், 3 சீரிஸ் கார்களில் முன்னால் ஆக்சிலே கிடையாது. இல்லாத பாகத்தை மாற்றச் சொன்ன கதை என் காதுக்கே வந்திருக்கிறது. அந்த வகைக் கார்களில் கியரை டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது ஒரு 'டொம்' கேட்டால் என்ஜின் மவுண்ட், அல்லது நடுவில் சுற்றும் புரொபெல்லர் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங்.

"ஆடியில முன்னாடி எட்டு ஆர்ம் இருக்காம். எட்டையும் மாத்தணும்ங்கறாங்க. உண்மையா?"

எண்ணிக்கை உண்மை. ஏ 4, ஏ 6 போன்றவற்றில் பல மாடல்களுக்கு ஒரு பக்கத்துக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு கைகள். ஐந்தாவது டை ராட். எட்டும் ஒரே வயது, ஒரே ரோட்டில் அடிவாங்கியவை. அதனால் ஐந்தாறு ஆடுகிறது என்று கண்ணெதிரே காட்டினால் செட்டாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். கூலியும் அலைன்மெண்ட் செலவும் ஒரே தடவையோடு முடியும். ஒன்று மட்டும் ஆடுகிறது என்றால் அந்தக் கையையும் எதிர்ப்பக்கத்து ஜோடியையும் மாற்றினால் போதும் என்பது என் கருத்து. எது ஆடுகிறது என்று காட்டாமல் "எட்டும் போச்சு" என்று சொல்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

வேலைக்கு ஒத்துக்கொள்ளும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "மேல் ஆர்ம் போல்ட் வரலைன்னா என்ன செய்வீங்க?" மேல் கைகள் இரண்டையும் ஒரே நீள போல்ட் பிடித்திருக்கும். அது சக்கர ஹப்பைத் தாங்கும் அலுமினிய நக்கிளுக்குள் அரித்து இறுகிப்போய்விடும். சுத்தியலால் அடித்தால் நக்கிள் உடையும், அதன் விலை எட்டுக் கைகளின் விலையோடு போட்டி போடும். அனுபவமுள்ளவர் முதல் நாளே துருவகற்றி அடித்து ஊறவிட்டு, அந்த போல்டை இழுத்தெடுக்கத் தனிக் கருவி வைத்திருப்பார்.

"புஷ் மாத்தி ஆறு மாசம்கூட ஆகலை, மறுபடி அதே சத்தம். ஸ்பேர் டூப்ளிகேட்டா?"

ஸ்பேர் மேல் சந்தேகப்படும் முன், எப்படி இறுக்கினார்கள் என்று கேளுங்கள். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் பக்கம் புது புஷ் சீக்கிரம் கிழிவதற்கு நான் பார்த்தவரை இதுதான் பெரிய காரணம்.

ரப்பர் புஷ் என்பது பேரிங் மாதிரி சுற்றுகிற பொருள் இல்லை. உள் குழாய் போல்டோடு இறுகி நிற்கும், வெளிக்குழாய் ஆர்மோடு நிற்கும், நடுவில் ரப்பர் முறுக்கிக்கொடுக்கும். காரை ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும். அந்த நிலையில் போல்டை இறுக்கிவிட்டால், ரப்பருக்கு 'இதுதான் என் இயல்பு நிலை' என்று ஆகிவிடும். காரை இறக்கியதும் எடை விழுந்து கை மேலே போகும், ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் முறுக்கு, ஓடும்போதும் முறுக்கு. சீக்கிரமே கிழியும். என் சொந்தக் காருக்கே இது நடந்தது. அப்போது எனக்குக் கை ஒழியாததால் வெளியூர் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். ஐந்தே மாதத்தில் இரண்டு பக்கமும் கிழிந்தன. பிரித்துப் பார்த்தபோது ரப்பர் ஒரே திசையில் முறுக்கிக் கிழிந்திருந்தது. நல்ல கம்பெனி ஸ்பேர், பணம் வீண்.

சரியான முறை இது: தூக்கும் முன் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்துகொள்ள வேண்டும். பாகங்களை மாட்டி, போல்டைக் கையால் மட்டும் பூட்ட வேண்டும். பிறகு காரைக் குழி மேல் சக்கரத்தில் நிற்கவைத்து, அல்லது நக்கிளுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை உயர்த்தி, டார்க் ரென்ச்சால் அந்த மாடலுக்கு உரிய அளவுக்கு இறுக்க வேண்டும். "நீங்க எடை விழுந்த நிலையிலதானே இறுக்குவீங்க?" என்று பணிவாகக் கேளுங்கள். தெரிந்தவர் சந்தோஷப்படுவார்.

"ஸ்பேர் எங்க வாங்கறது? பழைய பாகம் போட்டா பரவாயில்லையா?"

பெங்களூரு ஜே.சி. ரோடு நமக்குக் கிட்டே. லெம்ஃபோர்டர், டி.ஆர்.டபிள்யூ., சாக்ஸ் போன்ற பெயர்களைக் கேட்டு வாங்கலாம். மூன்றுமே இசட்.எஃப். குழுமத்தைச் சேர்ந்தவை, இந்த ஜெர்மன் கார் கம்பெனிகளுக்கே பாகம் கொடுப்பவை. லெம்ஃபோர்டர் பெட்டியில் வரும் கையில் கார் கம்பெனியின் முத்திரை இருந்த இடம் சுரண்டியிருந்தால் பயப்படாதீர்கள், வெளிச்சந்தைக்கு அனுப்பும்போது அப்படிச் சுரண்டித்தான் அனுப்புவார்கள். வாங்கும் முன் சேஸிஸ் நம்பரை வைத்துப் பாக எண்ணை உறுதிசெய்யுங்கள். ஒரே மாடலிலேயே வருடத்தின் நடுவில் ஆர்மின் டிசைன் மாறியிருக்கும்.

பழைய பாகம் பற்றிக் கேட்டால்: சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் ராக், நக்கிள், சப்ஃபிரேம் போன்றவற்றைப் பார்த்து வாங்கலாம். பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், புஷ் இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது.

"ராத்திரி நிறுத்தினா காலையில ஒரு பக்கம் இறங்கி நிக்குது. 'உஸ்'னு ஒரு சத்தம். இது ஷாக்கா?"

உங்களுடையது காற்று சஸ்பென்ஷன். மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏர்மேட்டிக் என்பார்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பை, அதில் காற்று நிரப்ப ஒரு கம்ப்ரசர். பை வெடித்தோ குழாய் இணைப்பு தளர்ந்தோ காற்று போகிறது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். 'கிர்ர்' என்று கம்ப்ரசர் நெடுநேரம் ஓடுகிறதென்றால் தாமதிக்காதீர்கள். ஒழுகலை ஈடுகட்ட ஓடி ஓடியே கம்ப்ரசர் எரிந்துபோகும், ஒரு செலவு இரண்டாகும். கம்ப்ரசர் மட்டும் மாற்றி ஒழுகலை விட்டால் புதுசும் எரியும்.

தூக்குவதற்கு முன் மட்டம் சரிசெய்யும் வசதியை அந்தக் காரின் முறைப்படி நிறுத்த வேண்டும். காற்றை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. பை காற்றை விட்டால் கார் நொடியில் இறங்கிவிடும்.

"சாவி போட்டதும் ஸ்டியரிங் பக்கம் 'விர்ர்'னு சத்தம். இதுவும் குறையா?"

2007-இல் வந்த சி கிளாஸ் டபிள்யூ 204, அதே காலத்து ஈ கிளாஸ் போன்றவற்றில் அது ஸ்டியரிங் லாக்கைத் திறக்கும் மோட்டார். அந்தச் சத்தம் வர வேண்டும். சத்தம் சில நாள் தடுமாறி, ஒருநாள் வராமல் போனால் லாக் திறக்காது, கார் ஸ்டார்ட்டும் ஆகாது. தடுமாறும்போதே எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

ஓட்டும்போது ஸ்டியரிங் வீலுக்கு உள்ளேயே 'சர சர' என்று உரசினால், கூடவே ஹாரன் வேலை செய்யாமலோ ஏர்பேக் விளக்கு எரிந்தோ இருந்தால், உள்ளே சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் நாடா. அங்கே ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, சொன்ன நேரம் காத்திருந்து வேலை செய்யத் தெரிந்தவர் மட்டும் தொடட்டும்.

"ஸ்கேன் பண்ணினா ஒண்ணுமே வரலை. அப்போ கார் நல்லா இருக்குன்னு அர்த்தமா?"

இல்லை. லிங்க் ராடிலும் புஷ்ஷிலும் பால் ஜாயிண்டிலும் சென்சார் எதுவும் கிடையாது. ஸ்கேனருக்குத் தெரிவது எலக்ட்ரிக் ஸ்டியரிங் மோட்டார், மின்சாரத்தால் கட்டுப்படும் ஷாக், காற்று சஸ்பென்ஷன், வீல் ஸ்பீட் சென்சார் இவைதான். டை ராட் மாற்றி அலைன்மெண்ட் செய்த பிறகு ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரைச் சரிசெய்ய ஸ்கேனர் கட்டாயம் வேண்டும். சத்தத்தைத் தேட அது தேவையில்லை.

"மழை பேஞ்சா சத்தம் போயிடுது, வெயில்ல கீச்சு கீச்சுங்குது. எண்ணெய் விடலாமா?"

காய்ந்த ரப்பர் புஷ். சந்தேகம் தீர ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் பீச்சிவிட்டுக் காரை அழுத்திப் பாருங்கள். எதை நனைத்ததும் அடங்குகிறதோ அதுதான். என்ஜின் ஆயில், கிரீஸ், டீசல் எதையும் விடாதீர்கள், ரப்பர் ஊறி உப்பிவிடும். சிலிக்கான் ஸ்பிரே கொஞ்ச நாளைக்குத் தாங்கும். விரிசல் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

"பெங்களூருல கார் பார்க்கப் போறேன். சத்தத்துல ஏமாறாம எப்படிப் பார்க்கறது?"

"நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பாட்டை நிறுத்தி, கண்ணாடி இறக்கி, நீங்களே ஓட்டுங்கள். மேலே ஸ்பீட் பிரேக்கருக்கும் ஹைவேக்கும் சொன்ன சோதனைகளை அதே வரிசையில் செய்யுங்கள். கடைசியில் ஏதாவது ஒரு குழி உள்ள பட்டறையில் அரை மணி நேரம்.

2022 செப்டம்பர் மழையில் பெங்களூருவில் நிறைய விலையுயர்ந்த கார்கள் மூழ்கின. சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களிலும் அப்படித்தான். மூழ்கிய காரின் உட்புறத்தைச் சுத்தம் செய்துவிடலாம், வீல் பேரிங்கையும் ஸ்டியரிங் ராக்கையும் யாரும் பிரித்துச் சுத்தம் செய்வதில்லை. குறைந்த கிலோமீட்டர் ஓடிய காரில் இரண்டு மூன்று பேரிங் ஒன்றாகக் கத்தினால், ராக்கின் ரப்பர் உறைக்குள் துரு இருந்தால், சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்டுகள் துருப்பிடித்திருந்தால், விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

"எந்தச் சத்தம் வந்தா கார் ஓட்டவே கூடாது?"

லிங்க் ராட் சத்தத்தோடு ஒரு மாதம் ஓட்டலாம், எரிச்சல் மட்டும்தான். பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் அப்படி இல்லை. அது கழன்றால் சக்கரம் தன் போக்கில் திரும்பிக்கொள்ளும். மெதுவாக ஒடிக்கும்போது கீழே 'கட்டக்' என்று கனமான தட்டு, நேர் ரோட்டில் கார் தானாக அலைவது, ஸ்டியரிங் திடீரென்று கனப்பது அல்லது ஓரிடத்தில் சிக்கி விடுபடுவது, பேரிங் முனகல் மாறி அரைக்கிற சத்தமாவது, சக்கர போல்ட் தளர்ந்த தட்டு: இவற்றில் ஒன்று வந்தாலும் ஓரங்கட்டி நிறுத்தி, காரை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். தொப்பூர் கணவாயில் இறக்கம் நீளம், வளைவுகள் உண்டு, முன்னும் பின்னும் பாரம் ஏற்றிய லாரிகள். அங்கே எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இறங்கும்போது முன் சக்கரங்களின் மேல்தான் எடை அதிகமாக விழும். சந்தேகமான சத்தம் இருந்தால் "சேலத்துல போய்ப் பார்த்துக்கலாம்" என்று கணவாய் இறங்காதீர்கள். தர்மபுரியிலேயே நிறுத்தி, 12, 6 சோதனையையும் 9, 3 சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம்தான் ஆகும்.